கடுக்கனுக்கு ஏலம், குரலுக்குக் காயலான் கடை



பதிவு நீளம்தான். வகுப்பில் முக்கால் மணி நேரம் என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியும் என்று நம்புகிறேன். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று எழுதுபவர்களை எனக்கு அப்போதே தெரியும், இப்போதும் தெரியும்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரு பேச்சு ஓடுகிறது. இத்தாலியில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கை ஒட்டிய அருங்காட்சியகத்துக்குப் போய் வந்து படங்கள் போட்டார். ஆப்பரா பாடகர்களின் ஓவியங்கள், சிலைகள், பழைய இசைக்கருவிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அடுத்த நாளே சென்னையில் இருக்கும் இன்னொரு மாணவர், "நம்ம பாகவதர் போட்ட கடுக்கன் ஒருத்தர்கிட்ட விலைக்கு இருக்காம். ஆளுக்கு ஐயாயிரம் போட்டா நாமளே வாங்கிடலாம்" என்று எழுதினார். அதற்கு எத்தனை கைதட்டல், எத்தனை இதயம்! இதுவரை இருபத்தேழு பேர் பெயர் கொடுத்துவிட்டீர்கள்.

நான் இதை எதிர்க்கிறேன். குழுவில் நாலு வரியில் சொன்னேன். "டீச்சருக்குப் பாகவதரைப் பிடிக்காது போல" என்று ஒரு பிள்ளை பதில் போட்டது. பிடிப்பதால்தான் எதிர்க்கிறேன். அதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். இதே விஷயம் இப்போது எங்கள் குடும்பத்துக்குள்ளும் வந்து நிற்கிறது. அதனால் என் அண்ணன் தம்பிகளும் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும்.

முதலில் ஆப்பரா என்றால் என்ன என்று கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அது மேல்நாட்டுச் சங்கீத நாடகம். நடிப்பவரே பாட வேண்டும். பக்கத்தில் பெரிய வாத்தியக் குழு வாசிக்கும், அதையும் தாண்டி மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை குரல் போக வேண்டும். நம் ஊரில் அதற்குச் சமமாக எதைச் சொல்வது என்றால், சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த இசை நாடகத்தைத்தான் சொல்ல வேண்டும். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா, கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள், திருச்சியில் வளர்ந்த எம்.கே.தியாகராஜ பாகவதர் எல்லாரும் அந்த மேடையில் இருந்து வந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்த வெளியில் பாடிப் பழகிய குரல்கள் அவை. ஆகவே மிலானில் இருக்கும் பிள்ளை அந்தப் படங்களைப் பார்த்ததும் இவர்களை நினைத்தது மிகச் சரி. அதற்கு அடுத்து எடுத்த முடிவில்தான் கோளாறு.

என் முதல் கேள்வி, அந்தக் கடுக்கன் பாகவதருடையது என்று யார் சொன்னார்?

விற்பவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்? அவருக்கு விற்றவர். அதற்கு முன்னால்? பதில் இல்லை. "சர்டிபிகேட் இருக்கு டீச்சர்" என்கிறீர்கள். விற்பவரே கையெழுத்துப் போட்ட காகிதத்துக்குப் பெயர் சர்டிபிகேட்டா? 1930, 40களில் பாகவதர் மாதிரி முடி வெட்டிக்கொள்ளாத இளைஞர்கள் குறைவு. பாகவதர் கிராப்பு என்றே பெயர். அவர் மாதிரி ஜிப்பா, அவர் மாதிரி அங்கவஸ்திரம், அவர் மாதிரி கடுக்கன். கொஞ்சம் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த மாதிரி கடுக்கன் போட்டிருப்பார்கள்! எண்பது வருஷம் கழித்து அதில் ஒன்று பெட்டியில் இருந்து வெளியே வருகிறது. இது யார் காதில் இருந்தது என்று கடுக்கனா சொல்லும்?

உங்களில் பல பேரை நான் ஐந்தாம் வகுப்பில் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். 18 மீட்டர் நீளத்துக்கு அந்த மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் அதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். கிடந்த இடத்திலேயே வேலி போட்டு வைத்திருப்பதால்தான் அதற்கு மதிப்பு. இந்த இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது. பக்கத்தில் காரைப் பகுதி ஓடைகளில் என்ன நடக்கிறது? கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அம்மோனைட் என்ற சுருள் நத்தைக் கல்லைப் பை பையாகப் பொறுக்கிப் போகிறார்கள். எந்த இடத்தில், எந்த அடுக்கில் இருந்து எடுத்தது என்று எழுதி வைப்பதில்லை. வீட்டு ஷோகேஸில் போய் உட்கார்ந்ததும் அது அழகான ஒரு கல், அவ்வளவுதான். ஆராய்ச்சி செய்பவர் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பிரபலங்களின் பொருளும் இப்படித்தான். யாரிடம் இருந்தது, யார் கைக்கு எப்போது போனது, அதற்கு ஒரு படமோ கடிதமோ உண்டா என்ற சங்கிலி அறுந்து போனால் அது வெறும் கடுக்கன். பொன் விலை கொடுக்கலாம், கல்லுக்கு விலை கொடுக்கலாம். பாகவதர் பெயருக்கு விலை கொடுக்கக் கூடாது.

சரி, உண்மையிலேயே அவருடையது என்றே வைத்துக்கொள்வோம். என் இரண்டாவது கேள்வி, அந்தக் கடுக்கன் பாடுமா?

சிரிக்காதீர்கள். இதுதான் முக்கியமான கேள்வி.

கிட்டப்பா 1906-ல் பிறந்தார். 1933 டிசம்பர் 2-ல் இறந்தார். 27 வயது. தமிழ் சினிமா பேசத் தொடங்கி அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவர் மேடையில் எப்படி நின்றார், எப்படிக் கை அசைத்தார் என்று காட்ட ஒரு அடி பிலிம் கிடையாது. அவர் குரலை நாம் இன்றைக்குக் கேட்க முடிகிறது என்றால் அதற்கு ஒரே காரணம் இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம். மேடையில் விடிய விடியப் பாடியவரை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடைத்தார்கள். அந்தத் தட்டும் உடைந்தால் கிட்டப்பா வெறும் பெயர்தான்.

என்.சி.வசந்தகோகிலம் என்று ஒரு அம்மா. ஹரிதாஸ் படத்தில் பாகவதரோடு நடித்தவர். 1951-ல் இளம் வயதிலேயே காசநோயில் போய்விட்டார். அவர் கட்டிய புடவையை யாரும் ஏலம் விடவில்லை. அவர் வளையலைத் தேடி யாரும் அலையவில்லை. ஆனால் அவர் தட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்த யாரோ சிலர் புண்ணியத்தில் இன்றைக்கும் காலையில் என் வீட்டில் அவர் பாடுகிறார். மேல்நாட்டில் என்ரிகோ கரூசோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1902 ஏப்ரலில் மிலான் நகரத்து ஓட்டல் அறை ஒன்றில் பத்துப் பாட்டுப் பாடிப் பதிவு செய்தார். அவர் 1921-ல் இறந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. அந்தப் பத்துப் பாட்டையும் இன்றைக்கும் கேட்கலாம். அவர் தொப்பி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களை விட அவர் பாட்டைக் கேட்பவர்கள் பல மடங்கு.

இதற்கு மாறாக என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ், 1931. நாடக மேடையில் பாடி வந்த டி.பி.ராஜலட்சுமி கதாநாயகி. அந்தப் படத்தின் பிரதி ஒன்று கூட இன்றைக்கு இல்லை. யாரோ ஒருவர் பிலிம் சுருளைக் குப்பை என்று நினைத்த நாள் ஒன்று இருந்திருக்க வேண்டும். ராஜலட்சுமி அணிந்த நகை எங்காவது ஒரு பீரோவில் இருந்தாலும் இருக்கலாம். அதை வைத்து அந்தப் படத்தில் ஒரு நிமிடத்தையாவது மீட்க முடியுமா?

இங்கே பாடாலூரில், சுற்றுப்பட்டில், பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம், எத்தனை வீட்டுப் பரணில் இந்தத் தட்டுகள் கிடக்கின்றன தெரியுமா? வீடு இடித்துக் கட்டும்போது முதலில் காயலான் கடைக்குப் போவது அவைதான். பாட்டுப் புத்தகங்கள் வெங்காயப் பட்டறைக்கு அடியில் விரிக்கப் போகின்றன. கடுக்கனுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் சேர்க்க நீங்கள் தயார். உங்கள் தாத்தா வைத்திருந்த தட்டை வாங்கி வைக்க உங்கள் வீட்டிலேயே ஆள் இல்லை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

மூன்றாவது விஷயம் எனக்கு மனசுக்குக் கஷ்டமானது. ஒரு பெண்ணாகவும் சொல்கிறேன்.

கே.பி.சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதியவை என்று சில கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. வாட்ஸ்அப்பிலும் சுற்றுகின்றன. நம் குழுவிலும் ஒருவர் போட்டு, "ஒரிஜினல் கிடைத்தால் எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டிருந்தார். அந்த அம்மாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. தெரிந்தே அவரைக் கைப்பிடித்தார். மேடையில் ஊரே கைதட்டியது. வீட்டில் பட்ட துன்பம் அவருக்குத்தான் தெரியும். கிட்டப்பா இறந்தபோது இவருக்கு 25 வயது. அன்றைக்கு வெள்ளைப் புடவை உடுத்தியவர் 1980-ல் இறக்கும் வரை மாற்றவில்லை. மறுபடி ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தார். 1935-ல் நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தார், அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடே பேசியது. பிறகு ஒளவையாராக வந்தார். சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார்.

இவ்வளவு பெரிய வாழ்க்கையில் நமக்குக் கேட்கத் தோன்றுவது, கணவனுக்கு அழுது எழுதிய கடிதத்தின் விலை! அந்தக் கடிதத்தை எழுதும்போது அவர் பாடகி இல்லை. மனைவி. ஒரே ஒருவர் படிப்பதற்காக எழுதினார். அந்தக் கால நாடக உலகத்தை, ஒரு பெண் கலைஞர் பட்ட பாட்டை ஆராய்பவர் மரியாதையோடு படித்து எழுதட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டி, "இது கே.பி.எஸ். லவ் லெட்டர்" என்று விருந்தாளிக்குக் காட்டுவதற்கு நாம் யார்? உங்கள் அம்மா உங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை நான் மாட்டி வைத்தால் சும்மா இருப்பீர்களா?

எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மா 1997 அக்டோபரில் எழுதிய உயிலில், தன் பெயரில் சிலையோ நினைவுச் சின்னமோ அறக்கட்டளையோ கூடாது, அதற்காக யாரும் பணம் திரட்டவும் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். எத்தனையோ கச்சேரி வருமானத்தைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தவர். தன் பொருளோ உருவமோ நிற்க வேண்டாம், பாட்டு நின்றால் போதும் என்று நினைத்திருக்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நாமோ எம்.எஸ். புளூ புடவையில் அவர் கட்டியது எது என்று தேடுகிறோம்.

மேல்நாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. மரியா காலஸ் என்று உலகமே கொண்டாடிய ஆப்பரா பாடகி 1977-ல் பாரிஸில் தனியாக இறந்தார். மறு வருஷமே வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்துவிட்டன. 2004-ல் ஜெனீவாவில் அவர் நகைகள் ஏலம் போயின. அந்த நகைகள் இன்றைக்கு யார் யார் பெட்டகத்திலோ இருக்கின்றன. வாங்கியவருக்கு மட்டும் பெருமை. ரசிகனுக்கு என்ன கிடைத்தது?

இப்போது பாகவதருக்கே வருகிறேன். கடுக்கன் வாங்கப் போகிறவர்கள் அவர் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

1910-ல் மாயவரத்தில் பிறந்து திருச்சிக்கு வந்தவர். சிறுவனாக இருக்கும்போது ரயில்வே அதிகாரியாக இருந்த எப்.ஜி.நடேச ஐயர் தன் ரசிக ரஞ்சன சபா நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். 1934-ல் பவளக்கொடி படம். பிறகு சிந்தாமணி, அம்பிகாபதி, திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

அதே 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். படம் தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் சிறையில் இருந்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், திரும்பவும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் விடுதலை ஆனார். குற்றமற்றவர் என்று வெளியே வந்தவருக்கு என்ன கொடுத்தோம்? ஒப்பந்தமாகி இருந்த படங்கள் கைவிட்டுப் போயின. அதற்குப் பிறகு வந்த ராஜமுக்தி, அமரகவி, சியாமளா எதையும் பழையபடி தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. 1959 நவம்பர் 1-ல், ஐம்பது வயது நிறையாமலே போய்விட்டார். அவரை அடக்கம் செய்த இடம் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது. பாடாலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருச்சி. கடுக்கனுக்கு ஐயாயிரம் போடப் பெயர் கொடுத்த இருபத்தேழு பேரில் எத்தனை பேர் அங்கே போய் ஒரு பூ வைத்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம்.

அந்தத் தங்கத் தட்டு எங்கே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அவர் மேடையில் பாடிய நாடகங்களின் நோட்டீசு எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

நீங்கள் திருப்பிக் கேட்கக் கூடியதையும் நானே சொல்லிவிடுகிறேன். பேச்சுப் போட்டியில் எதிர்க் கட்சியின் வாதத்தையும் தெரிந்துகொண்டு வா என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

"அப்படியானால் லா ஸ்காலா அருங்காட்சியகம் தப்பா?" தப்பில்லை. அது எப்படி வந்தது என்று பாருங்கள். ஜூலியோ சாம்பொன் என்ற பழம்பொருள் வணிகர் நாடகம் சம்பந்தப்பட்ட பொருள்களை ஏராளமாகச் சேர்த்திருந்தார். 1911-ல் அது பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. சிதறிப் போகாமல் மொத்தமாக வாங்கி, 1913-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இன்றைக்கு நம் பாடாலூர்ப் பையன் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது. பொருள் மொத்தமாக இருக்கிறது, விவரத்தோடு இருக்கிறது, பொதுவில் இருக்கிறது. மரியா காலஸுக்கும் 2023-ல் ஏதென்ஸில் அருங்காட்சியகம் திறந்தார்கள். நான் எதிர்ப்பது இதை அல்ல.

"தனி ஆள் சேர்க்காவிட்டால் எல்லாம் அழிந்திருக்குமே டீச்சர்?" உண்மை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆள்தான். புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கிழித்துப் போட்டதை எல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994-ல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். இன்றைக்கும் ஆராய்ச்சிப் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். பிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயிரக்கணக்கான சினிமாப் படங்களும் தகவல்களும் சேர்த்தார். யார் போய்க் கேட்டாலும் சொன்னார். கடைசியில் அரசே அவர் சேகரிப்பை வாங்கிக்கொண்டது. இவர்கள் இரண்டு பேரும் யாருடைய கடுக்கனையும் தேடிப் போனதாக நான் படித்ததில்லை. காகிதத்தைத் தேடினார்கள், தகவலைத் தேடினார்கள். அதனால்தான் அவர்கள் சேர்த்தது மற்றவர்களுக்குப் பயன்பட்டது.

"ரசிகனுக்கு ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்கிற ஆசை இருக்காதா?" இருக்கும். பேரறிஞர்கள் பேனாவைப் பார்த்தால் எனக்கும் இருக்கும். உங்கள் தாத்தாவுக்குப் பாகவதர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படம் வீட்டில் இருந்தால் சாமி படம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் வீட்டுக் கதை. கடையில் வாங்குகிற பக்திக்குத்தான் நான் எதிரி.

இனி என் குடும்பத்துக்கு. மாணவர்களும் படிக்கலாம், ரகசியம் ஒன்றும் இல்லை.

எங்கள் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருப்பது உறவினர்கள் எல்லாருக்கும் தெரியும். 63 இசைத்தட்டுகள், ஒரு ஊசி டப்பா, முப்பது நாற்பது பாட்டுப் புத்தகம், ஒரு கட்டு நாடக நோட்டீசு, ஒரு வெள்ளி வெற்றிலைச் செல்லம். வீட்டை விற்கப் பேச்சு நடப்பதால் போன மாதம் பெட்டியைக் கீழே இறக்கினோம். வெளியூரில் இருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். தட்டுகள் மொத்தத்துக்கும் இரண்டாயிரம் ரூபாய் என்றார். ஓட்டல் சுவரில் மாட்டவும், கடிகாரம் செய்யவும் ஆகுமாம். பாட்டுப் புத்தகமும் நோட்டீசும் "சும்மா கொடுத்தா எடுத்துக்கறேன்" என்றார்.

வெற்றிலைச் செல்லத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியப்பா வாலிபத்தில் பாகவதர் கச்சேரி கேட்க இங்கிருந்து திருச்சிக்குச் சைக்கிள் மிதித்தவர் என்றும், அன்றைக்கு இந்தச் செல்லம் கையில் இருந்தது என்றும் தம்பி சொல்லிவிட்டான். வியாபாரி முகம் மாறிப்போனது. "அப்போ பாகவதர் இதுல இருந்து வெத்தலை எடுத்திருப்பாரு இல்ல?" என்றார். எங்களுக்கு எப்படித் தெரியும்? பெரியப்பா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. "பாகவதர் பயன்படுத்தியதுன்னு குடும்பத்தார் ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுங்க, நாப்பதாயிரம் தர்றேன்" என்றார்.

பார்த்தீர்களா? சர்டிபிகேட் எப்படிப் பிறக்கிறது என்று என் கண் முன்னாலேயே பார்த்தேன். உங்கள் கடுக்கனுக்கும் இப்படித்தான் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. இப்படியும் பிறக்கும் என்று மட்டும் தெரியும்.

அண்ணன் "நாலு பேர் பிரிச்சுக்கலாம், யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார். அண்ணா, நஷ்டம் பெரியப்பாவுக்கு. முப்பது கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் மிதித்துப் போய்ப் பாட்டுக் கேட்டுவிட்டு விடியற்காலையில் திரும்பி வந்து மாடு கட்டி ஏர் ஓட்டியவர் அவர். அந்த உண்மையே போதாதா? அதன் மேல் ஒரு பொய்யை ஒட்டி விற்க வேண்டுமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் பெயரை எழுதி வேறு யாராவது போட்டாலும் சும்மா இருக்க மாட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கும் இதுதான் பதில்.

செல்லம் அவர் பேத்திக்குப் போகட்டும். வெள்ளி விலை வேண்டுமானால் என் பங்கை விட்டுத் தருகிறேன். தட்டும் புத்தகமும் நோட்டீசும் விற்பனைக்கு இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது. எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்தில் எந்த ஊரில் எந்தத் தேதியில் என்ன நாடகம், டிக்கெட் என்ன விலை, யார் ராஜபார்ட், யார் ஆர்மோனியம் என்று அந்த நோட்டீசில்தான் இருக்கிறது. அந்தப் பெயர்களில் பாதிப் பேரை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. அவர்களுக்கு மணிமண்டபம் கிடையாது, ஏலம் விடக் கடுக்கனும் கிடையாது. இந்தக் காகிதம் போனால் அவர்கள் இருந்ததற்கே சாட்சி இல்லை.

கடைசியாக, செய்ய வேண்டிய வேலை. டீச்சர் திட்டினால் மட்டும் போதாது, வீட்டுப்பாடமும் கொடுக்க வேண்டும்.

1. அவரவர் வீட்டுப் பரணைப் பாருங்கள். இசைத்தட்டு இருந்தால் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில், அடுப்புச் சூடு படக் கூடாது, நெளிந்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

2. பழைய கிராமபோனில் போட்டுப் போட்டுக் காட்டாதீர்கள். அந்த இரும்பு ஊசி ஒவ்வொரு தடவையும் தட்டைக் கொஞ்சம் தேய்க்கிறது. முறையாகப் பதிவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து ஒரு முறை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, தட்டை ஓய்வாக வையுங்கள்.

3. நோட்டீசு, பாட்டுப் புத்தகத்துக்கு லேமினேஷன் வேண்டாம். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். அழுத்தமான காகித உறையில் போட்டு வைத்தால் போதும். செல்போனில் நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள்.

4. ஒரு நோட்டில் எழுதுங்கள். தட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் உள்ள கம்பெனிப் பெயர், எண், பாடியவர், பாட்டு. யார் வாங்கியது, எந்த ஊர், உங்களுக்கு எப்படி வந்தது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். கதை கட்டாதீர்கள்.

5. வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுங்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கடுக்கனுக்குச் சேர்ப்பதாக இருந்த பணத்தை இந்தப் பதிவு வேலைக்குக் கொடுத்தால் நம் சுற்றுப்பட்டுத் தட்டுகள் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்பது என் கணக்கு. பெரியப்பாவின் 63 தட்டுகளை முதலில் நான் தருகிறேன். இருபத்தேழு பேரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவில் பதில் சொல்லுங்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், கோபப்பட மாட்டேன். ஸ்மைலி மட்டும் போடுபவர்கள் மேல் கோபப்படுவேன்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்த நாடகத்தைப் பற்றிக் கேளுங்கள். அதையும் பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பாடாலூர்.